அழுதது பால் ஜாயிண்ட், நீ அல்ல

சிட்டு,

மத்தியானம் ரசத்தை ஊற்றிச் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனேன். கையில் கிரீஸ் வாசம். சோப்புப் போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டும் தேய்த்தேன், போகவில்லை. நகக்கண்ணில் கறுப்பு அப்படியே நிற்கிறது. நீ இப்படிப்பட்ட கையோடுதான் தினமும் சாப்பாட்டுப் போசியைத் திறப்பாய். கழுவிவிட்டு வா என்றால், "கிரீஸ் பட்ட சோறு தொண்டையில நிக்காது புள்ள, வழுக்கீட்டு எறங்கீரும்" என்பாய். எனக்கு இறங்கவில்லை. தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வந்திருக்கிற ஆத்திரத்தை யாரிடமாவது கொட்ட வேண்டும். உன்னைத் தவிர யாரிடம் கொட்டுவேன்? நீ போய்விட்டாய் என்பது வேறு ஆத்திரம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இதைக் கேள். உன்னைப் பேயாக்கிவிட்டார்கள்.

சிரிக்காதே. யாருக்காவது பேய் பிடித்தது என்றால் முதலில் சிரிக்கிறவள் நீதான். இப்போது உன்னைத்தான் சொல்கிறார்கள். நல்லூரிலிருந்து பெருமாநல்லூர் ரோட்டுப் பனியன் கம்பெனி வரைக்கும் உன் ஆம்னி வேனில் போய்வருகிற அத்தனை பொம்பளைகளும் சொல்கிறார்கள். நீ வண்டியை விட்டுப் போகவில்லையாம். முன் சக்கரத்தில் உட்கார்ந்து அழுகிறாயாம். உங்கள் வீட்டுச் சந்து வந்தால் வண்டியை அந்தப் பக்கம் இழுக்கிறாயாம்.

சக்கரத்தில் உட்கார்ந்து அழுவது எது என்று எனக்குத் தெரியும். எனக்குச் சொன்னவளே நீதான்.

மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம் அது. பகலெல்லாம் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்துவிட்டு, எங்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி வாசலில் வண்டியைத் திருப்பினாய். முன்னால் இடது பக்கம் கீச்சென்று ஒரு முனகல். வேகத்தடையில் ஏறி இறங்கியதும் கொடக்கென்று ஒரு சத்தம். நான் உன் பக்கத்து சீட்டில் கடலை தின்றுகொண்டிருந்தேன். நீ பாட்டை நிறுத்தினாய். பின்னால் கதை பேசிக்கொண்டிருந்தவர்களையும் நிறுத்தினாய்.

"எல்லாரும் சித்த வாய மூடுங்க. வண்டி என்னமோ சொல்லுது."

ஓரமாக நிறுத்தி, ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வளைத்துக் காது கொடுத்தாய். "அட கெரகத்தே, பால் ஜாயிண்டு" என்றாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு, வலது கையை முஷ்டி பிடித்து இடது உள்ளங்கைக்குள் வைத்துத் திருகிக் காட்டினாய்.

"ஒரு குண்டு, ஒரு கிண்ணம். நம்ம தோள்பட்டை மாதிரி. சக்கரம் மேல கீழயும் போவோணும், பக்கவாட்டுலயும் திரும்போணும். அத்தனையும் இந்தக் குண்டு மேலதான். மேல ஒரு ரப்பர் தொப்பி இருக்கும், உள்ள கிரீஸ் இருக்கும். தொப்பி கிழிஞ்சா மண்ணும் தண்ணியும் உள்ள பூந்துக்கும். தேஞ்சு தேஞ்சு ஒரு நாளு குண்டு கிண்ணத்த உட்டு வெளிய வந்துரும்."

"வந்துட்டா?"

"சக்கரம் மடங்கிப் படுத்துக்கும். நாமளும் படுத்துக்க வேண்டியதுதான்."

பின்னாலிருந்து யாரோ "வாயக் கழுவு புள்ள" என்றார்கள். நீ சிரித்துக்கொண்டே கியரைப் போட்டாய். எப்போது மாற்றப் போகிறாய் என்று கேட்டேன். "நோம்பி கழியட்டும்" என்றாய். தீபாவளி ஷிப்மெண்ட் தலைக்கு மேல் நின்ற நேரம்.

அதே வாரம் கம்பெனி மாடிப்படியில் பாதியில் நின்றாய். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாய். இடுப்பிலிருந்த தைலத்தை எடுத்து நெஞ்சில் தேய்த்துக்கொண்டாய். முகமெல்லாம் வேர்த்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்று கையைப் பிடித்து இழுத்தேன். அதற்கும் அதே பதில்தான். "நோம்பி கழியட்டும் அம்முணி." வண்டிக்கும் உனக்கும் சேர்த்து ஒரே பதில் வைத்திருந்தாய்.

நோம்பி கழிந்தது. வெடிக் காகிதம்கூட வாசலில் இன்னும் கூட்டி முடியவில்லை. காலையில் வண்டியைத் துடைக்கிறேன் என்று வாளியோடு வெளியே போனவள், முன் சக்கரத்தின் மேல் சாய்ந்தபடி போய்விட்டாய். வாளித் தண்ணீர் ரோட்டில் ஓடியதைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தாராம். இடது பக்கத்து முன் சக்கரம். அதுவும் போயும் போயும் அந்தச் சக்கரத்தின் மேலா சாய்வாய்? இவர்களுக்கு அது போதாதா?

உன் வீட்டுக்காரருக்கு வண்டியில் உட்கார்ந்தாலே வாந்தி வரும் என்பது உனக்குத் தெரியும். அதனால் உன் கொழுந்தன் மூர்த்தி ஸ்டீயரிங்கைப் பிடித்தான். நல்ல பையன்தான். ஆனால் பூனை குறுக்கே போனால் வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடிக்கிறவன். முதல் வாரமே வந்து என்னிடம் ரகசியம் சொல்கிற மாதிரி சொன்னான்.

"அக்கா, நம்மூட்டுச் சந்து வந்தா வண்டி தானா எடது பக்கம் இழுக்குதுங்க. நான் திருப்பவே இல்லீங்க."

"பிராந்திக் கடை முன்னாலயும்தான் இழுக்குது மூர்த்தி. பாத்துட்டுத்தான வர்றேன். அங்க அவளுக்கு என்ன வேணுமாம்?"

அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் நீ. யோசித்துவிட்டு, "அண்ணிக்கு அந்தப் பழக்கம் இல்லீங்களே" என்றான்.

இதற்குமேல் என்ன சொல்வது? அது எல்லா இடத்திலும் இழுத்தது. உங்கள் சந்தில் மட்டும் எல்லாரும் அதைக் கவனித்தார்கள். அந்தச் சந்துக்கு முன்னால் வேகத்தடை வேறு. கொடக்கென்று சத்தம் வரும், திரும்பும்போது முனகும். பின்சீட்டில் ஒருத்தி விசும்புவாள். அப்புறம் எல்லாரும் விசும்புவார்கள். கம்பெனி போய்ச் சேரும்போது செத்த வீட்டிலிருந்து வருகிற மாதிரி இறங்குவோம்.

அதோடு விட்டார்களா? முன்னால் உன் போட்டோவை ஒட்டினார்கள். சரி, அது இருக்கட்டும். டயருக்கு அடியில் தினமும் ஒரு எலுமிச்சம்பழம். அதுவும் இருக்கட்டும். நான் உட்காருகிற சீட்டு இருக்கிறதே, உன் பக்கத்து சீட்டு, அதில் உன் பச்சைப் புடவையை மடித்து வைத்து, மேலே மல்லிகைச் சரத்தைப் போட்டு, யாரும் உட்காரக் கூடாது என்றுவிட்டார்கள். என்னைப் பின்னால் டிபன் பைகளோடு அடைத்தார்கள். அந்த வண்டி வந்த நாளிலிருந்து நான் உட்கார்ந்த இடம் அது. உன் பேய்க்குக் கொடுத்துவிட்டார்கள். நீ உயிரோடு இருந்திருந்தால் என்னை எழுப்பிவிட்டு வேறு யாரையாவது உட்கார வைத்திருப்பாயா?

செக்கிங்கில் இருக்கிற சரசு ஒரு நாள் கதவுக் கைப்பிடியில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். என்ன இது என்றேன்.

"சிட்டுகிட்ட ஒரு வேண்டுதலுங்க. புள்ளைக்கு வரன் தட்டீட்டே போவுது."

"அவளுக்கு ஒரு நாள் லீவு கேட்டு வாங்கத் தெரியாது சரசு. உன்ற புள்ளைக்கு மாப்பிள்ளை வாங்கித் தருவாளா?"

"செத்தவங்களப் பத்தி அப்படியெல்லாம் பேசப்படாதுங்க."

"அழுவறது அவ இல்ல, பால் ஜாயிண்டு. சக்கரம் மடங்குனா நாம அத்தன பேரும் போயி அவகூட ஒக்காந்து நேர்லயே கேட்டுக்கலாம்."

அன்றைக்கு முழுக்க என்னோடு யாரும் பேசவில்லை. கூட்டாளி செத்ததில் இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டது மட்டும் காதில் விழுந்தது. பேய்க்குப் பூ வைக்கிறவர்களுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது, எனக்குப் பிசகிவிட்டது. பார்த்தாயா நியாயத்தை?

மூர்த்தியை நச்சரித்து ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினேன். அங்கிருந்த மெக்கானிக் டயரின் உள் ஓரத்தைத் தடவிப் பார்த்த உடனே சொல்லிவிட்டாராம், பால் ஜாயிண்ட் போய்விட்டது, இரண்டு பக்கமும் மாற்றுங்கள், இடது பக்கம் தள்ளிப்போடுகிற நிலைமையில் இல்லை என்று. இவன் மாற்றிவிட்டு வந்திருக்கலாம். "ஊட்டுல கேட்டுட்டு வர்றனுங்க" என்று சொல்லிவிட்டு வந்தான்.

உன் மாமியார் அதற்குள் உடுமலைப் பக்கம் யாரோ வாக்குச் சொல்கிற அம்மாவிடம் போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தார். வருசம் திரும்புகிற வரைக்கும் அந்த வண்டியில் ஒரு நட்டைக் கழற்றக் கூடாதாம், சுத்தியல் படக் கூடாதாம். பட்டால் உன் உடம்பில் படுகிற மாதிரியாம். அவ்வளவுதான். மூர்த்தி ஸ்பேனரைக் கையால் தொடவே பயந்தான்.

நான் என்ன செய்ய? பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். என் உயிர் தப்பித்தது. அவர்கள் உயிர்? பஸ் கூட்டத்தில் தொங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாலும், அந்த வெள்ளை வேன் முக்கில் திரும்புகிற வரைக்கும் எனக்கு அடுப்பில் எதை வைத்தேன் என்பதே தெரியாது. சரசு இறங்கினாளா, மற்றவர்கள் இறங்கினார்களா என்று வாசலில் நின்று எட்டிப் பார்ப்பேன். நீ இருந்தால் பார்த்திருப்பாய். நீ இல்லை, அதனால் நான் பார்த்தேன்.

நேற்று வேன் நேரத்துக்கு வரவில்லை. வாசலிலேயே நின்றேன். ரொம்ப நேரம் கழித்து ஊர்ந்துகொண்டு வந்தது. வளைவில் திரும்பும்போது இடது பக்கம் அப்படியே சாய்ந்து, சக்கரம் ஓரக் கல்லில் இடித்து நின்றிருக்கிறது. எங்கள் லைனில் தைக்கிறவர்களுக்குத் துணி எடுத்துக் கொடுக்கிற கைமடியாக இருக்கிற ஒடிசாப் பெண் ஒருத்தி, இன்னும் நாலு வார்த்தை தமிழ் தெரியாது அவளுக்கு, நெற்றியில் புடைப்போடு இறங்கினாள். என்ன ஆச்சு என்று கேட்டேன். "சிட்டு தீதி கோவம்" என்றாள். தீதி என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. தண்ணீர் கேட்கத் தெரியாத பெண்ணுக்கு உன்னைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

மூர்த்தி வண்டியைப் பூட்டிவிட்டு வந்தான். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, பூசணிக்காய் உடைத்துப் பெரிதாகப் பூஜை போடப் போகிறோம் என்றான். கைகால் உடைந்து வந்திருந்தால் கோயில் கட்டியிருப்பார்கள் போல.

இன்றைக்குக் காலையில் உங்கள் வீட்டுக்குப் போனேன். வண்டி வாசலில் நின்றது, பூசணிக்காய் தயாராக இருந்தது. சரசுவும் இன்னும் சிலரும் வந்திருந்தார்கள். உன் வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதற்கும் வாயைத் திறப்பதில்லை. நான் மூர்த்தியைக் கேட்டேன்.

"சுத்தியல் படப்படாது, நட்டுக் கழட்டப்படாது. அவ்வளவுதான சொன்னாங்க?"

"ஆமாங்க."

"ஜாக்கி போடலாமா?"

அவன் யோசித்தான். "ஜாக்கியப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்க."

"அப்ப போடு."

பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, முன்னால் இடது பக்கத்தைத் தூக்கினான். நீ ஒரு நாள் செய்து காட்டிய மாதிரியே நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கை சக்கரத்தின் மேலே, ஒரு கை கீழே பிடித்து, உள்ளே வெளியே ஆட்டினேன். டொக். மறுபடியும் ஆட்டினேன். டொக்.

"பாத்துக்கங்க எல்லாரும். சாவி இவன் பையில கெடக்குது. வண்டி நிக்குது. ஊட்டுச் சந்தும் இல்ல, வேகத்தடையும் இல்ல. ஆட்டுனா சத்தம் வருது, உட்டா நின்னுக்குது. இது இரும்பு. தேஞ்ச இரும்பு. பெரிம்மா, இங்க வாங்க. நீங்களே கையக் குடுங்க."

உன் மாமியார் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர் கையை எடுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் அந்த மூட்டின் மேல் வைத்தேன். ஆட்டினேன். டொக். டொக். அவர் கண் விரிந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"நாடி மாதிரி அடிக்குதே சாமி" என்றார். "எம் மருமவ உசுரு இதுக்குள்ளதான் கெடக்குது." டயரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். சரசு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறாய்? நான் கொண்டுபோன சாட்சியே உன் பேய்க்குச் சாட்சியாகிவிட்டது. கத்த ஆரம்பித்தேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். உன் வீட்டுக்காரர்கூடத் தலையைத் தூக்கினார்.

"ஏனுங் பெரிம்மா, உங்க மருமவ எப்படிப்பட்டவ? வண்டிய எடுக்கறதுக்கு முன்னால எறங்கி வந்து ஒவ்வொரு கதவையும் இழுத்துப் பாப்பா. சேலைத் தலப்பு வெளிய தொங்குனா உள்ள எடுத்து உடுவா. சன்னல்ல கைய நீட்டுனா, கை வேண்டாம்னா இங்கயே வெச்சுட்டுப் போன்னு வைவா. எங்கள்ல ஒருத்திக்குக் கீறல் பட உட்டிருக்காளா? அவளா எங்களக் கவுக்கப் பாக்கறா? அவளா அந்தப் புள்ள நெத்தியப் புடைக்க வெச்சா? செத்ததும் சிட்டுக்குக் கொலகாரி புத்தி வந்துருச்சா? அப்படித்தான் சொல்றீங்களா எல்லாரும்?"

உன் மாமியார் மூக்கைச் சிந்தினார்.

"அவ அப்படிச் செய்ய மாட்டா."

"மாட்டால்ல?"

"அப்பறம் எதுக்குக் கண்ணு அழுவறா?"

அப்போதுதான் அது என் வாயில் வந்தது. யோசித்துச் சொன்னதில்லை.

"மாத்தச் சொல்லி அழுவறா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உன்கிட்டச் சொன்னாளா?"

"சொன்னா."

அது பொய்யில்லை சிட்டு. நீ சொன்னாய். உயிரோடு, என் பக்கத்து சீட்டில், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். எப்போது சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "சுத்தியல் படுமே" என்றார். "அவளே சுத்தியல் புடிச்சவதானுங்க, தாங்கிக்குவா" என்றேன்.

உடனே மூர்த்தி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். இத்தனை நாளாக இரும்பைக் காட்டி, டயரைக் காட்டி, தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தர் அசையவில்லை. நீ பேயாக வந்து சொன்னாய் என்றதும் அசைந்துவிட்டார்கள். உனக்கு ஞாபகம் இருக்கும், நோம்பிக்கு முன்னால் வீட்டில் நீ இதே பேச்சை எடுத்தபோது, "எப்பப் பாத்தாலும் வண்டி வண்டின்னுட்டு, பொம்பள மாதிரியா இருக்கா இவ" என்று இதே மாமியார் சொன்னார். உயிரோடு இருந்த நீ சொன்னால் அது வாயாடித்தனம். செத்த நீ சொன்னால் வாக்கு. உன் பேச்சை இந்த வீட்டில் கேட்க வைக்க, நீ செத்துப்போக வேண்டியிருக்கிறது, நான் உன்னைப் பேய் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

மாமியாரும் வண்டியில் வந்தார், பூவோடு. நடக்கிற வேகத்தில் ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்ந்தோம். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, பூட்டுப் பின்னை இழுத்து, நட்டைத் தளர்த்திவிட்டுச் சுத்தியலை எடுத்தார். மூர்த்தி அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். மாமியார் காதைப் பொத்திக்கொண்டார்.

"பாத்து சாமி, மெல்ல. அவளுக்கு வலிக்கும்."

"மெல்ல அடிச்சா வராதுங்கம்மா. யாருக்குங்க வலிக்கும்?"

மெக்கானிக் ஓங்கி அடித்தார். அடித்த அடியில் அது விட்டுக்கொடுத்துக் கீழே இறங்கியது. குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏனுங்க, யாருங்க இதுக்குச் சட்டை போட்டு உட்டது?"

எட்டிப் பார்த்தேன். குண்டைச் சுற்றிப் பனியன் துணி, காலையில் சேறு அப்பிய கட்டி என்று நான் நினைத்தது. கறுத்துப்போய்க் கட்டி கட்டியாக இருந்தது. ஆனாலும் மடிப்புக்குள் கிளிப்பச்சை தெரிந்தது. ஷேடு சரியில்லை என்று கழித்துக் கட்டினார்களே ஒரு லாட், அந்தப் பச்சை. அதன் கட்டிங் வேஸ்டை நாம் எல்லாரும் பை பையாக வீட்டுக்குக் கொண்டுபோனோம். துணிக்கு மேலே ஜட்டி எலாஸ்டிக் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. லைனில் பீஸ்களைப் பண்டல் கட்டுகிறபோது நீ போடுகிற அதே முடிச்சு. அதை எந்தக் கூட்டத்தில் காட்டினாலும் உன்னுடையது என்று சொல்வேன்.

நம் ஊரில் எதற்கும் பனியன் வேஸ்ட்தான். குழாய் ஒழுகினால் அதைச் சுற்றுவோம், கட்டில் கால் ஆடினால் அதைச் செருகுவோம். நீயும் கிழிந்த ரப்பர் தொப்பிக்கு அதையே சுற்றிவிட்டாய். என்னிடம்கூடச் சொல்லாமல். மெக்கானிக் அதைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்.

"துணி இருந்த கிரீஸப் பூரா குடிச்சிருச்சுங்க. ஈரத்தையும் புடிச்சு வெச்சுக்கிச்சு. சும்மா உட்டிருந்தாக்கூட இந்த அளவுக்குத் தேஞ்சிருக்காது."

குண்டு எது கிண்ணம் எது என்று முஷ்டி பிடித்துக் காட்டியவள் நீ. எல்லாம் தெரிந்தவள். தெரிந்துமே துணியைச் சுற்றிவிட்டு வண்டியை எடுத்தாய். நெஞ்சுவலிக்குத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மாடி ஏறின மாதிரி. அவர்கள் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் ஒரு பக்கம். அந்தத் துணியைப் பார்த்தபோது உன் மேல் வந்த ஆத்திரத்தை எதில் சேர்ப்பது? வண்டி சொன்னதும் உடம்பு சொன்னதும் உன் காதில் விழுந்தது. இரண்டையும் கட்டிப்போட்டுவிட்டு ஷிப்மெண்டுக்கு ஓடினாய்.

அது உன் கைபட்ட துணி என்று மாமியாருக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது. "அதக் குடு கண்ணு" என்று குங்குமச் சிமிழோடு கையை நீட்டினார். நாளைக்கே அது பூஜையறையில் தொங்கும். "கிரீஸுங்க பெரிம்மா, சேலை கெட்டுப்போகும்" என்று சொல்லி என் இடுப்பில் செருகிக்கொண்டேன். என் சேலை கெட்டால் கெடட்டும். உன்னைச் சாமியாக்கவும் விட மாட்டேன்.

இரண்டு பக்கமும் புதிது போட்டார்கள். நாளைக்கு அலைன்மெண்ட் பார்க்க வேண்டுமாம். மூர்த்தி பச்சைப் புடவையை எடுத்துப் பின்னால் வைத்துவிட்டு, "இதுல உக்காருங்கக்கா" என்றான். உட்கார்ந்தேன்.

ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டி திரும்பியது. முனகல் இல்லை. வேகத்தடை வந்தது. சத்தம் இல்லை. உங்கள் சந்து வந்தது. மூர்த்தி ஸ்டீயரிங்கைப் பிடித்த பிடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுப் பார்த்தான். வண்டி நேராகப் போய்க்கொண்டே இருந்தது. சந்தைத் தாண்டிவிட்டது. பின்னால் வந்து திரும்ப வேண்டியதாயிற்று.

"போயிட்டா" என்று உன் மாமியார் பின்னாலிருந்து சொன்னார். "கேட்டதச் செஞ்சு குடுத்ததும் நல்லபடியாப் போயிட்டா மகராசி." மூர்த்தியும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். நாளைக்கு சரசுவும் அந்த ஒடிசாப் பெண்ணும் மற்றவர்களும் முழு உடம்போடு வீடு வந்து சேருவார்கள். அதற்காகத்தானே இத்தனை சண்டை?

ஆனால் உன்னிடம் சொல்வதற்கென்ன. அந்தச் சத்தம் நீ இல்லை என்று சண்டை போடுவதற்காகவே நான் தினமும் அதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பஸ்ஸில் போன நாளிலும் வாசலில் நின்று கேட்டேன். வேன் முக்கில் திரும்பும்போது அந்த முனகல் வரும். வந்ததும், சிட்டு இல்லை, சிட்டு இல்லை என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். அதைச் சொல்லும்போதெல்லாம் உன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி வேன் சத்தமில்லாமல் வரும், சத்தமில்லாமல் போகும். நான் யாரோடு சண்டை போடுவேன்?

நீ போய்விட்டாய் என்று அவர்கள் சொல்கிறார்கள். நீ அங்கே இருந்ததே இல்லை என்று நான் சொல்கிறேன். வண்டியில் நீ இல்லை. உன் மிஷினில் வேறு ஒருத்தி உட்கார்ந்து ஓட்டுகிறாள். அப்படியானால் எங்கேதான் இருக்கிறாய், சிட்டு?